வலைக்குள் எல்லாம் பச்சை

மூத்தவள் செத்து மூன்று வருடமாகியும் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே அவள் வைத்த குரோட்டன்ஸ் நின்றது. கருஞ்சிவப்பு இலை, மஞ்சள் தெறித்தாற்போல் புள்ளிகள். காலையில் டீ டம்ளரோடு புருஷன் அதன் முன்னால்தான் நிற்பான். இரண்டாந்தாரமாக வந்த தையல்காரியிடம் அவன் பேசியதைவிட அந்தச் செடியிடம் நின்றதுதான் அதிகம் என்று எதிர்வீட்டு டீச்சர் சத்தியம் செய்வாள். அவளுக்கு வேறென்ன வேலை.

பீரோவிலோ மூத்தவளின் சேலைகள். ஒவ்வொன்றிலும் இடுப்பருகே பழுப்புக் கறை. குரோட்டன்ஸ் பால் பட்டால் எந்தச் சோப்புக்கும் மசியாது.

ஒருநாள் அவன் வேலைக்குப் போனதும் தையல்காரி அந்தச் செடியை வேரோடு பிடுங்கிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டாள். சாயங்காலம் வந்தவன் குழியைப் பார்த்தான். திட்டவில்லை. அன்றிலிருந்து வீட்டில் வாயையே திறக்கவில்லை. நாலு மாதத்துக்கு மேல் அந்த மௌனம் தாங்காமல், குழியை மூடவாவது ஒரு செடி வேண்டுமென்று நர்சரிக்குப் போனாள்.

நிழல்வலைக்குள் எல்லாமே பச்சை. புள்ளி இல்லாததாகக் கேட்டாள். நர்சரிக்காரர் ஒரு தொட்டியை எடுத்துக் கொடுத்தார். துணி வாங்கும்போது வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிறம் பார்க்கிறவள், செடிக்கு அதைச் செய்யவில்லை.

ஜன்னலோர வெயிலில் இரண்டு மாதம் நின்றது. பிறகு இலை கறுத்தது, சிவந்தது, மஞ்சள் தெறித்தது.

ஒரு இலையைக் கிள்ளி வெட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு நர்சரிக்கு ஓடினாள்.

"நெழல்ல இருந்தா இது பச்சையாத்தான்மா இருக்கும். வெயில் பட்டாத்தான் நெறம் வரும்," என்றார் அவர். "உங்க வீட்ல முன்ன இருந்த அக்கா வெட்டிக் குடுத்த கெளைக் கொம்புல வந்ததுதான்."

"அப்ப இது அந்தச் செடியோட பிள்ளையா?"

"பிள்ளை எங்கம்மா? கொம்பு வெச்சு வந்தது அதேதான்."

வீட்டுக்கு வந்ததும் செடியை வெட்டித் தள்ள, துணி வெட்டும் கத்தரியை எடுத்தாள். தையல்காரி அதால் காகிதம்கூட வெட்டமாட்டாள். அன்று ஆத்திரத்தில் வேறெதுவும் கைக்குக் கிடைக்கவில்லை. வெளியே வந்தால், ஜன்னலோரம் செடி முன்னால் அவன் நின்றிருந்தான். கையில் இரண்டு டம்ளர்.

"எனக்காக இதே ஜாதியத் தேடிப் புடிச்சியா?" என்றான். "ஒன்னப் போய் என்னென்னமோ நெனச்சுட்டேனே. இந்தா, டீ ஆறுது."

ஆறு மாதமாக அவள் காத்திருந்த குரல். தலையாட்டிவைத்தாள்.

அதற்குள் டீச்சர் வேலியருகே முளைத்துவிட்டாள். "கைல கத்தரி வேற இருக்கு. ஒரு கொம்பு குடேன். மூத்தவ, கேட்டா இல்லேன்னதே கெடயாது."

அவன் இவளையே பார்த்தான். வெட்டிக் கொடுத்தாள். வெட்டுவாயிலிருந்து பால் சொட்டி இடுப்பில் விழுந்தது.

கறை எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எலுமிச்சை, உப்பு, மண்ணெண்ணெய், எல்லாம் போட்டுத் தேய்த்தாள். மறுநாள் அதே சேலையில் அவள் டீ கொண்டுவந்தபோது அவன் அந்தப் பழுப்புக் கறையைப் பார்த்தான். ரொம்ப நாள் பழகியதைப் பார்ப்பதுபோல் சிரித்தான்.