சோபாவின் கால்களை அறுத்தவர்

1

இந்தக் கதை எனக்கு ரம்பச் சத்தமாகத்தான் வந்தது. மாடி வீட்டில் யாரோ யானையை அறுக்கிறார்கள் என்று நினைத்தேன். (யானை கொஞ்சம் அதிகம்தான். பென்ஷன்காரன் கற்பனையிலுமா சிக்கனம் பார்ப்பான்?) அறுபட்டவை சோபாவின் கால்கள். அறுத்தவர் ஓய்வுபெற்ற சர்வேயர்.

2

முதல் தொடக்கம்: "அந்தி மயங்கும் வேளையில், ஜப்பானிய சினிமாவின் ஆழ்ந்த மௌனம்..." வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

இன்னொன்று: அந்தக் காலத்து ஜப்பானிய இயக்குநர் ஒருவரின் படங்களில் சர்வேயர் சொக்கிக் கிடந்தார். அந்த இயக்குநர் கேமராவைத் தரையோடு தரையாக வைப்பார். ஆட்கள் போன பிறகும் வெற்று அறையைக் காட்டிக்கொண்டிருப்பார். "அவர் எங்கேருந்து பாத்தாரோ, நாமளும் அங்கேருந்துதான் பாக்கணும்" என்றார் சர்வேயர். தரையில் உட்கார முட்டி இடம் கொடுக்கவில்லை. ஆகவே ரம்பம்.*

* நான்கு காலிலும் மயிரிழை பிசகில்லை. தொழில் சுத்தம்.

3

சர்வேயரின் மனைவியை முதலில் கண்ணீர் வடிப்பவராக எழுதினேன். மறுநாள் மாடிப்படியில் அந்த அம்மாவை நேரில் பார்த்ததும் அந்த வரியை அடித்துவிட்டேன்.

"இதுல உக்காந்தா எந்திரிப்பீங்களா?" என்று கணவரைக் கேட்டார்.

"ஏன், எனக்கென்ன?"

"சரி. படம் முடிஞ்சு நீங்களா எந்திரிச்சா சோபா இப்படியே கிடக்கட்டும். என் கையைக் கேட்டீங்கன்னா நாளைக்கே கார்பென்டரக் கூப்பிட்டுக் கால் வைக்கணும்."

"கார்பென்டர் பாவம், அவருக்கு வேற வேலை பாத்துக் குடு."

4

படம் முடிந்தது. சர்வேயர் கம்பீரமாக எழுந்...

எழப் பார்த்தார். சோபா விடவில்லை. கையைக் கேட்பாரா? உயிரே போனாலும் மாட்டார்.

"வெறும் அறையை இன்னும் கொஞ்ச நேரம் பாக்கணும்" என்றார்.

"டிவி அணைஞ்சு போச்சுங்க."

"நம்ம அறையைச் சொல்றேன்."

"அப்படி என்ன தெரியுது அங்கேருந்து?"

"வந்து பாரேன்."

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தான் தினமும் பெருக்கும் கூடம் வானம்வரை உயர்ந்து நின்றது. (சரி, விட்டம்வரை.) ஜன்னல் வெளிச்சம் தரையில் நடந்து வந்து அவர் பாதத்தைத் தொட்டது.

"நம்ம வீடா இது?" என்றார் மெதுவாக.

பிறகு, எழப் பார்த்தார்.

5

கார்பென்டரை வரவழைத்து ஒரு முடிவு எழுதினேன். கிழித்துவிட்டேன். இருவரும் ஒருவரையொருவர் தூக்கிவிடுவதாக இன்னொன்று. அதுவும் நடக்காது, இருவருமே கை கேட்கிற ஜாதி இல்லை.

இப்போது மாடியில் தரையைத் தட்டும் சத்தம் கேட்கிறது. "கீழ் வீட்டுக்காரரே, கொஞ்சம் மேல வாங்க."

எனக்கும் முட்டிதான் சுவாமி. நீங்கள் போங்கள். கதவு திறந்தே இருக்கிறது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: நீங்கள் முதலில் யாருக்குக் கை கொடுக்கிறீர்களோ, அவர் தோற்றதாக மற்றவர் சொல்வார்.