பென்சில் குறிப்பு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் பிரிவில் எல்லோரும் சொல்வார்கள். வரட்டும். குடிநீர் இணைப்புப் பிரிவில் பதினோரு வருடம் கண்காணிப்பாளராக உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கும் வரும். ஆனால் அதை நான் வாயால் கொட்டியதைவிடப் பென்சிலால் கொட்டியதுதான் அதிகம்.

அது எங்கள் அலுவலக வழக்கம். கோப்பில் பேனாவால் எழுதுவது அரசாங்கத்துக்கு, ஓரத்தில் பென்சிலால் எழுதுவது எங்களுக்கு. 'இந்த விண்ணப்பம் மூணு வாரமாத் தூங்குது, நீங்களுமா?' என்று கிறுக்கிக் கீழே அனுப்புவேன். உதவியாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திருத்தி வருவார். கோப்பு மேலே போகுமுன் ரப்பரால் அழித்துவிடுவோம். நாங்கள் ஓரத்தில் எழுதியதை எந்த மேலதிகாரியும் பார்த்ததில்லை.

பிறகு இலாகா கணினிக்கு மாறியது. கூட்டம் திரையில், கோப்பும் திரையில், அதில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதலாம் என்றார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண், கோப்பின் ஓரத்தில் குறிப்பு எழுத இருந்த இடத்தைக் காட்டியதும்தான் உயிர் வந்தது. வேலை முடிந்ததும் பக்கத்திலிருக்கும் டிக்கை அழுத்தினால் குறிப்பு காணாமல் போய்விடுமாம். "அப்போ இது பென்சில்தானே?" என்று கேட்டேன். அவளும் சிரித்துத் தலையாட்டினாள். மறைவது வேறு, அழிவது வேறு என்று அந்த மகராசி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் உதவியாளர் ஒருவருக்கு மியூட்டு என்று பெயர் வைத்திருந்தோம். திரையில் மைக்கை அணைத்தே வைத்திருப்பார். ஏதாவது கேட்டால் பொத்தானைத் தேடிப் பிடித்து, "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு மறுபடி அணைத்துவிடுவார். நேரில் இருந்த காலத்திலும் அப்படித்தான், பொத்தான் மட்டும் இல்லை. நாலரை மாதம் முன்பு அவர் மனைவி மாடிப்படியில் விழுந்து, முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்த படுக்கையானார். வீட்டில் வேறு ஆள் கிடையாது. விடுப்பெல்லாம் தீர்ந்தபின், வீட்டிலிருந்தே வேலை பார்க்க மூன்று மாத அனுமதி வாங்கினோம். அது இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிக்காவிட்டால் அவர் வேலையை விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது. சாப்பாட்டு நேரம் தவிர, பத்து முதல் ஐந்து வரை கேமரா முன்னால் இருக்க வேண்டும். ஆனால் படுத்திருப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அதனால் காலை பதினொன்றுக்கும் மாலை மூன்றுக்கும் இருபது நிமிடம் எழுந்து போவார். அதை என்னிடம்கூட அவர் சொல்லவில்லை. ஒருநாள் வெற்று நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போனில் கத்து கத்தென்று கத்தினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவளைத் திருப்பிப் போட்டுட்டு இருந்தேன் மேடம்" என்றார். என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்றிலிருந்து இருபத்தெட்டு வருட நேர்மையை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பொய் சொல்ல ஆரம்பித்தேன். அவருக்குச் சொல்ல வேண்டியதை அவருடைய அனுமதிக் கோப்பின் ஓரத்தில் எழுதி, அவர் படித்ததும் டிக்கை அழுத்திவிடுவேன்.

நீட்டிப்பைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டம் பத்தரைக்கு. இணை இயக்குநர் அம்மா என்னைவிடப் பத்து வயது சின்னவர், தலைமை அலுவலகத்தில் இருக்கிறார், திரையில் தவிர நான் பார்த்ததில்லை. வீட்டிலிருந்து வேலை என்றால் போர்த்திக்கொண்டு தூங்குவது என்பது அவர் எண்ணம். எங்கள் விஷயத்தைக் கடைசியில் எடுத்தார். அதற்குள் பதினொன்று தாண்டிவிட்டது. மியூட்டு பக்கத்து அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகவும் தைரியமில்லை.

இணை இயக்குநர் அந்தக் கோப்பில் நான் போட்டிருந்த வரைவு ஆணையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திரையில் திறந்தார். வலது ஓரத்தில் எதையோ அழுத்தினார். நான் அழித்துவிட்டதாக நினைத்த அத்தனை குறிப்பும், என் பெயரோடும் தேதியோடும், வரிசையாக வந்து நின்றன.

அவர் சத்தமாகவே படித்தார். "'தம்பி, பதினொண்ணுலேருந்து இருபது நிமிஷம் வீட்டம்மாவைத் திருப்பிப் படுக்க வைங்க, யாரும் உங்களைக் கூப்பிட மாட்டாங்க. மேலே கேட்டா பழைய கோப்பு தேடறார்னு சொல்லிக்கிறேன்.' அப்புறம் இது. 'மூணு மணிக்குக் கூட்டம் வெச்சா நெட் போச்சுன்னு எழுந்து போங்க. என் நெட்டும் சேர்ந்து போகும்.'" திரையைக் கொஞ்சம் கீழே நகர்த்தினார். "'இந்தம்மாவுக்கு நாலு வரிக்கு மேல படிக்கப் பொறுமை கிடையாது. கேட்க வேண்டியதை மொதல் வரியிலயே கேளுங்க.'"

"மேடம், அது பென்சில்" என்றேன்.

"பென்சிலா?"

"அழிச்சிட்டேன் மேடம்."

"அழியலையே."

"தப்பு முழுக்க என்னோடது. பொய் சொன்னது நான். எனக்கு மெமோ குடுங்க, அவரை விட்டுடுங்க."

அவர் குறிப்புகளை மறுபடி மேலிருந்து படித்தார். பிறகு, "இப்ப மணி என்ன?" என்றார்.

"பதினொண்ணு பன்னெண்டு மேடம்."

"அப்போ இவர் ஏன் இன்னும் இங்க உக்காந்திருக்கார்?"

மியூட்டு தன்னைத்தானா என்று நெஞ்சில் கைவைத்துக் காட்டினார்.

"உங்களைத்தான் சொல்றேன். போங்க. போய்ப் பாத்துட்டு வாங்க, நாங்க இருக்கோம்."

மியூட்டு பொத்தானைத் தட்டி, "சரிங்க மேடம்" என்றார். எழுந்து ஓடிய ஓட்டத்தில் மைக்கை அணைக்கவில்லை.

நாங்கள் ஒரு வெற்று நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து குரல் கேட்டது. அந்த மனிதர் அவ்வளவு பேசுவார் என்று எனக்குத் தெரியாது.

"லேட்டாயிடுச்சும்மா, கோவிச்சுக்காதே. கையை என் கழுத்தில போடு. மூணு எண்ணித்தான் தூக்குவேன்."

"நீங்க ரெண்டுலயே தூக்கிடுவீங்க."

"அது நேத்து."

அந்தப் பெண் சிரித்தாள். கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "நீட்டிச்சுட்டாங்களா?" என்று கேட்டாள்.

"பேசிட்டிருக்காங்க."

"குடுக்கலன்னா?"

"தலையணை இப்படிச் சரியா இருக்கா பாரு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"தெரியலம்மா."

இணை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கு மேல நாம கேக்கக் கூடாது" என்று அவரே மியூட்டின் மைக்கை அணைத்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினால் எல்லோருக்கும் கேட்குமே என்று அடக்கிக்கொண்டேன்.

திரையில் வரைவு அசைந்தது. நான் பயந்து பயந்து போட்டிருந்த 'மூன்று மாதம்' அழிந்து, 'ஓராண்டு' என்று வந்தது. கேமரா நிபந்தனை முழுதாகப் போயிற்று. அந்த இடத்தில் எழுத்தெழுத்தாக ஒரு வரி முளைத்தது: 'காலை 11 முதல் 11.20 வரையிலும், பிற்பகல் 3 முதல் 3.20 வரையிலும் இவரை எந்த அலுவலரும் அழைக்கலாகாது.'

"மேடம், விதியில அப்படி இடமே இல்லையே" என்றேன். பழக்க தோஷம்.

"அதைக் கண்டுபிடிக்கிறது உங்க வேலை. இத்தனை நாள் நெட் போச்சுன்னு கண்டுபிடிக்கலையா?" என்றார். "அப்புறம், நான் நாலு வரிக்கு மேலயும் படிப்பேன்."

பதினொன்று முப்பத்தைந்துக்கு மியூட்டு வந்து உட்கார்ந்தார். சட்டை கசங்கியிருந்தது. தண்டனையை எதிர்பார்ப்பவர் போல எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கோப்பைப் படிங்க தம்பி" என்றேன்.

படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பொத்தானைத் தேடி அழுத்தி எங்களிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்படியே அறைப் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, தூங்கிட்டியா? நான் எங்கயும் போகல. இங்கதான் இருக்கப் போறேன்."