யாரும் நம்பாத செய்தி

பொய்யின் பலத்தை அளந்து மதிப்பெண் இடுவது சமீனாவின் வேலை.

மதுரையில் ஒரு கல்லூரியின் தகவல் தொடர்பியல் துறை, வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய செய்திகளை அந்தக் குழுவினரின் இசைவோடு திரட்டி வைத்திருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். அச்சத்தைத் தூண்டுகிறதா, பக்தியைத் தொடுகிறதா, சினத்தை மூட்டுகிறதா என்று வகை பிரிக்க வேண்டும். கடைசியில் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் இட வேண்டும். செய்தியைப் பார்த்தவர் அதனால் தம் நடத்தையை மாற்றிக்கொள்வாரா என்பதற்கான எண் அது. செய்தி உண்மையா, பொய்யா என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

அதே செய்தியை அடுத்த அறையில் மெர்வினும் தனியே பார்த்து எண் இடுவான். சமயநல்லூர்க்காரன், மிஷன் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகன், எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன். இருவரும் புதன்கிழமைதோறும் உட்கார்ந்து, எண்கள் மாறுபட்ட இடங்களில் வாதாடி, ஒரே எண்ணுக்கு வரவேண்டும் என்பது விதி.

திங்கட்கிழமை முற்பகலில் சமீனா திறந்த காணொளியில் ஒரு மனிதன் பாத்திரத்தின்மேல் குனிந்துகொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. பின்சுவரில் இருந்த எழுத்து தமிழே இல்லை. ஆனால் ஒட்டப்பட்டிருந்த குரல் நல்ல மதுரைத் தமிழ் பேசியது. சிம்மக்கல் சர்பத் கடைக்காரன் எச்சில் துப்பித்தான் கொடுக்கிறான். நம் பிள்ளைகளைக் காப்போம். பத்துப் பேருக்கு அனுப்புங்கள். முடிவில் ஒரு நிழற்படம் வந்தது. வேப்பமரம், அதன் கீழே கடை, கடைக்குள் தொப்பியும் கைலியுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கும் ஷாநவாஸ்.

ஷாநவாஸ் அவளுடைய அண்ணன்.

வலி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அச்சம், அருவருப்பு என்று வகை குறித்தாள். ஐந்து என்று எண் இட்டாள். அடுத்த செய்தியைத் திறந்தாள்.

அந்த ஐந்து எங்கிருந்து வந்தது? போன கோடையில் அந்தக் காணொளி முதலில் சுற்றியபோது கடையின்மேல் எவரும் கல்லெறியவில்லை. வாசலில் நின்று எவரும் முழக்கமிடவில்லை. எரித்திருந்தால் வழக்காகியிருக்கும், இடித்திருந்தால் ஆணையம் வந்திருக்கும், அடித்திருந்தால் நாலு பேராவது கண்டித்திருப்பார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆட்கள் வரவில்லை, அவ்வளவே. அது வேற்றூர்க் காணொளி என்று காவல்துறை அறிவித்தது. அறிவிப்பை எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் அதை இன்னொருவருக்கு அனுப்பவில்லை. ஷாநவாஸை வழியில் கண்டவர்கள் தோளைத் தட்டினார்கள். எதிர்ப் பூக்கடைக் காளை சொன்னார், தாம் நம்பவில்லை என்று. பேருந்து நடத்துநர்கள் சொன்னார்கள், தாங்களும் நம்பவில்லை என்று. நம்பிய ஒருவரைக்கூட ஷாநவாஸ் நேரில் சந்தித்ததில்லை. ஆனாலும் அந்தக் கோடை முடியுமுன் கடையை அடைத்துவிட்டு, அழகர்கோவில் பாதையில் பழக்கூடை ஏற்றிப்போகும் லோடு ஆட்டோவை ஓட்டப் போனான். அது நடந்து முக்கால் ஆண்டு ஆகிறது. வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்ததும், மறுபடி கடை திறக்கப்போகிறான்.

செவ்வாயன்று பேராசிரியர் சுபலட்சுமி அடுத்த கட்டத்தை விளக்கினார். இருவரும் ஒத்து நான்கோ ஐந்தோ இட்ட செய்திகள் தேர்ந்தெடுக்கப்படும். நகரத்துக் கல்லூரிகளின் மாணவர்களுக்கு அவற்றைக் காட்டி, பார்த்தபின் அவர்கள் போக்கு மாறுகிறதா என்று சோதிக்கப்படும். பெயர்களை மறைத்துவிடலாமா என்று சமீனா கேட்டாள். பெயர்ப்பலகைகளை மங்கலாக்கிவிடுவோம், சோதனை முடிந்ததும் எது பொய் என்பதையும் சொல்லிவிடுவோம் என்றார் அவர். சிம்மக்கல் வேப்பமரத்தை எப்படி மங்கலாக்குவது என்று அவள் கேட்கவில்லை. முடிந்தபின் சொல்லப்படும் உண்மை எவ்வளவு தூரம் நடக்கும் என்பதையும் அவள் அறிவாள்.

புதன்கிழமை அந்தக் காணொளி வந்தது. மெர்வின் இரண்டு இட்டிருந்தான்.

"என்ன சமீனா, அஞ்சா? உங்ககிட்டப் படிச்சிருந்தா நானும் கோல்டு மெடல் வாங்கிருப்பேன்."

"சரி, ரெண்டே இருக்கட்டும்."

"அதெப்படி? சண்டை போடாம விட்டுக்குடுத்தா ரூல்ஸ் ஒத்துக்காதுங்க. ஏன் அஞ்சுன்னு சொல்லுங்க."

கை தவறிவிட்டது என்றாள். அவன் விடவில்லை. காணொளியை மறுபடி ஓட்டிக் குறைகளை அடுக்கினான். சுவரெழுத்து வேறு மொழி. குரல் எங்கேயோ உட்கார்ந்து பேசியது. ஒரு சின்னப் பிள்ளைகூட இதை நம்பாது. கடைசி நிழற்படம் வந்ததும் அதை அப்படியே நிறுத்தினான். கேலி அவன் குரலைவிட்டுப் போயிற்று.

"இந்தக் கடை எனக்குத் தெரியும்ங்க. சமயநல்லூர் பஸ்ஸ விட்டு எறங்குனா நேரா இங்கதான். அந்த அண்ணே எலுமிச்சம்பழத்த ஒத்தக் கையாலயே பிழிவாரு. எம்புட்டுக் கூட்டம் இருந்தாலும் என்னயப் பாத்தா முதல்ல குடுப்பாரு."

"அப்புறம்?"

"அப்புறம் போகல."

"நம்பிட்டீங்களா?"

"சேச்சே. நான் நம்பல."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கணக்கில் தான் விட்ட பிழையைத் தானே கண்டவனைப்போல் மெல்லச் சொன்னான்.

"நம்பல. ஆனா போகல. எதுத்த பக்கம் டீ குடிச்சுப் பழகிட்டேன். ஏன்னு நான் யோசிச்சதே இல்ல." பிறகு விசைப்பலகையை இழுத்தான். "அப்ப நீங்க சொன்னதுதான் சரி. அஞ்சு."

"மெர்வின், அது எங்க அண்ணன் கடை."

அவன் கையை எடுத்தான்.

மீதியைச் சமீனா சொன்னாள். வேறு யாருடைய குடும்பத்தைப் பற்றியோ படித்துக் காட்டுகிறவளின் குரலில், கடை அடைத்ததையும் ஆட்டோ ஓட்டியதையும் வெள்ளிக்கிழமை திறக்கப்போவதையும் சொன்னாள். ஐந்து என்றால் இந்தக் காணொளி மறுபடி நகரமெங்கும் போகும். இரண்டு என்றால் இங்கேயே கிடக்கும். மெர்வின் கேட்டுமுடித்து, மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, கேட்காமல், இரண்டு என்று தட்டினான். யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றான். காரணம் எழுதும் கட்டத்தில் "நம்பத்தக்கதாக இல்லை" என்று எழுதினான்.

அன்பினால் செய்தான். அவள் தடுக்கவில்லை. அந்த இரண்டு சொற்களின்படி அவள் அண்ணனுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. ஒரு வலுவற்ற பொய் வந்தது. எவரையும் மாற்றாமல் போயிற்று. கடை தானாக மூடிக்கொண்டது. நிம்மதி வருகிறதா என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை.

வியாழக்கிழமை மாலை அவளும் அம்மாவும் நன்னாரி வேரை இடித்துப் போட்டுப் பாகு காய்ச்சினார்கள். அவள்தான் வடிகட்டினாள், அவள்தான் கேன்களில் ஊற்றி மூடினாள். இந்தத் தடவையாவது அண்ணன் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்றார் அம்மா. எதைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்று சமீனா கேட்கவில்லை. அம்மாவும் நம்பாதவர்தான்.

வெள்ளிக்கிழமை வேப்பமரத்தடியில் ஓரளவு கூட்டம் இருந்தது. தொழுகை முடித்து வந்தவர்கள், சந்தை வியாபாரிகள், காளை. மெர்வினும் வந்திருந்தான், வருவேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

"அண்ணே, ஒரு சர்பத். பெருசா."

ஷாநவாஸ் நிமிர்ந்து பார்த்தான். "அட, சமயநல்லூர் மாப்ள! பஸ் ரூட்டத்தான் மாத்திப்புட்டாங்களோன்னு நெனச்சேன்."

மெர்வின் தலைகுனிந்து சிரித்தான். எலுமிச்சம்பழம் ஒற்றைக் கையில் பிழியப்பட்டது. கிளாஸை வாங்கியவன் அதைக் கண்ணுக்கு நேரே சற்று உயர்த்தினான். அடிவரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஒரே மூச்சில் குடித்தான். அதே ருசி, அண்ணே, என்றான். அவன் முகத்தில் கள்ளம் இல்லை. பரிகாரம் செய்ய வந்த மனிதன் அவன். தான் பார்த்ததை அவனே அறியவில்லை.

ஷாநவாஸ் அறிந்திருந்தான். அந்தப் பார்வை முடியும்வரை அவன் கை அடுத்த கிளாஸுக்குப் போகவில்லை. சமீனா அதன்பின் எல்லாரையும் கவனித்தாள். காளை பார்த்தார். சந்தை வியாபாரிகள் பார்த்தார்கள். அவளுடைய தந்தையின் நெடுநாள் நண்பர், பள்ளிவாசலில் பக்கத்தில் நின்று தொழுதுவிட்டு வந்த சேக் இஸ்மாயிலும் பார்த்தார். எலுமிச்சை பிழிவதுபோல, சப்ஜா விதை போடுவதுபோல, அந்தப் பார்வைக்காகக் காத்திருப்பதும் கடை வேலைகளில் ஒன்றாகிவிட்டிருந்தது.

"இந்தா, நீயும் குடி," என்று ஷாநவாஸ் அவளிடம் ஒரு கிளாஸை நீட்டினான்.

வாங்கினாள். அவள் காய்ச்சிய பாகு. அவள் வடிகட்டிய பாகு. கிளாஸ் உயர்ந்தது. அவளுடைய கண் அதன் அடிக்குப் போயிற்று. அங்கே சப்ஜா விதைகள் கிடந்தன. நிமிர்ந்தபோது, அண்ணன் கையைச் சும்மா வைத்துக்கொண்டு நின்றான். அவள் பார்த்து முடிப்பதற்காகக் காத்திருந்தான்.

குடித்தாள். இனிப்பாக இருந்தது.

திங்கட்கிழமை கோப்பைப் பேராசிரியருக்கு அனுப்புமுன் மெர்வினை அழைத்தாள். அந்தக் காணொளியின் எண்ணை ஐந்தாக மாற்றப்போவதாகச் சொன்னாள். அவனுக்கு விளங்கவில்லை. கடையில் கூட்டம் வரத் தொடங்கியிருக்கிறதே என்றான்.

"மறுபடி வெளிய வந்துருமே, சமீனா."

"மறுபடி வர்றதுக்கு அது எங்க போச்சு?"

தான் கிளாஸை உயர்த்திப் பார்த்ததை அவள் சொல்லித்தான் அறிந்தான். தானும் பார்த்ததை அவள் சொன்னபோது, நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

மெர்வின் எழுதிய காரணத்தை அவள் அழித்தாள். "பொய் என்று அறிந்தவரையும் மாற்றுகிறது" என்று எழுதினாள். அதன் கீழே, மதிப்பிட்ட இருவரில் ஒருவர் இந்தக் கடைக்காரரின் தங்கை, மற்றவர் இந்தக் கடைக்குப் போவதை நிறுத்தியவர் என்றும் எழுதினாள். விதிப்படி அதற்காக இருவரையும் விலக்கலாம். மெர்வின் அதைப் படித்தான். ஓர் எழுத்தையும் மாற்றச் சொல்லவில்லை. ஐந்து என்று அவனே தட்டினான்.

அடுத்த செய்தி, அழகர்கோவிலுக்கு இலவசப் பேருந்து விடுகிறார்கள் என்றது. அவன் மூன்று இட்டிருந்தான். அவளும் மூன்று. அதில் பேசுவதற்கு ஒன்றும் இல்லை.