லாசிதெஸின் பெட்டியில் படிந்த வண்டல்

...இல்லை, இப்படிப் படிந்திருக்கக் கூடாது, எங்கேயோ தப்பு இருக்கிறது, வெளிச்சம் சரியில்லையோ என்னவோ என்று எதில்மா பெட்டியைத் தகரக் கூரையின் நிழலிலிருந்து முற்றத்து வெயிலுக்கு இழுத்தாள், மூடியை முழங்கையால் தாங்கிக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தாள், வெயிலிலும் அதேதான், அடியில் வண்டல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே சமமாக, தட்டில் ஊற்றி வைத்த கூழ் காய்ந்து ஆடை கட்டினதுபோல, நடுவில் மட்டும் கோடு கோடாக வெடித்து... ஒரு பள்ளம் இல்லை, ஒரு மேடு இல்லை. இதற்குள்தானே அக்கார்டியன் கிடந்தது என்றான் அவள் கணவன் உபால்தோ? வெள்ளம் வடிகிற வரைக்கும் இதற்குள்ளேதான் கிடந்தது என்று அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதானே, "தூக்கினா துருத்தி அப்படியே கையோட வருது எதில்மா, குழைஞ்ச சோறு மாதிரி, நீ பாத்தா தாங்க மாட்டே, அதான் ஆத்துல விட்டுட்டேன்"... பத்து கிலோ கனமுள்ள ஒரு பொருள் கிடந்த இடத்தில் அதன் அச்சு இருக்காதா? சாணி மெழுகின தரைபோலவா இருக்கும்? அவள் பிரஷை எடுத்தாள், எதற்கு எடுத்தாள் என்று தெரியாது, காலையில் உட்கார்ந்தால் கை பிரஷைத் தேடும், அவ்வளவுதான்.

மக்தலேனா ஆறு ஊருக்குள் வந்துவிட்டுப் போனதிலிருந்து இந்த முற்றத்தில் வாத்தியப் பெட்டிகள்தான், ஊர்ப் பாட்டுக்காரர்கள் எல்லாம் கொண்டுவந்து அடுக்கிவிட்டார்கள், ஊறின ஒட்டுப்பலகையைக் காயவைத்து, உரிந்துபோன இடத்தில் பசை வைத்து, பூசணம் பிடித்த உள்துணிக்கு வினிகர் தண்ணீர், துருப்பிடித்த பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய்... ஒவ்வொரு பெட்டியும் திறந்த உடனே தன் கதையைச் சொல்லிவிடும். எலியேசரின் டிரம்பெட் பெட்டியில் வண்டல் டிரம்பெட்டைச் சுற்றித்தான் ஏறியிருந்தது, அதைத் தூக்கினதும் கீழே அச்சு வார்த்த மாதிரி அதன் உருவம் அப்படியே இருந்தது. கிழவர் தாமாசோவின் அக்கார்டியன் பெட்டி இன்னும் மோசம், துருத்தியின் சிவப்புச் சாயம் ஊறி உள்துணி முழுக்கப் பிள்ளை பெற்ற துணிபோல ஆகியிருந்தது, உள்ளே ஒலி எழுப்புகிற நாக்குகளை ஒட்டுகிற மெழுகு உருண்டை உருண்டையாய் மூலையில், தோள்வாரின் கறுப்பு ஒரு பக்கம். அக்கார்டியன் முங்கிச் செத்த பெட்டி அப்படித்தான் இருக்கும். இதன் துருத்தியும் சிவப்புத்தானே, இங்கே சாயம் எங்கே? மெழுகு எங்கே? பிரஷின் பின்பக்கத்தால் ஓரத்து வண்டலைக் கிளறினாள், ஓடுபோல் பெயர்ந்து வந்தது, அடியில் நீல வெல்வெட், அழுக்கு நீலம், ஆனாலும் நீலம், ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. வெள்ளம் வந்தபோது இந்தப் பெட்டி காலி. சொல்லிப் பார்த்தாள், வாய்விட்டே சொன்னாள், காலி... அடுத்த பொருக்கையும் பெயர்த்து வாளியில் போட்டாள்.

மூடியின் மேல் தம்பி லாசிதெஸின் பெயர் இன்னும் இருந்தது, பாவி, இவளுடைய நகச்சாயத்தைத் திருடித்தான் எழுதினான், கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் அது பூட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். தம்பி மோட்டார் சைக்கிளோடு லாரிக்கு அடியில் போன அன்று அக்கார்டியன் வீட்டில் இருந்தது, அதனால் அது பிழைத்தது. அடக்கம் முடிந்த கையோடு அதை உபால்தோவிடம் கொடுத்தவள் இவள்தான், சும்மா கிடந்தால் துருத்தி இறுகிப்போகும், நீ வாசித்துக்கொண்டிரு, அவன் மகள் யுலேனிஸுக்குப் பதினைந்து ஆகிறபோது அவள் கையில் கொடுத்துவிடவேண்டும், அவள் அப்பாவின் சொத்து அது ஒன்றுதான் என்றாள். அவனும் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான், யார் தலையில்? இவள் தலையில். அடுத்த மாதம் பதினைந்தாம் பிறந்தநாள், ஆற்றுக்கு அக்கரையில் அந்தப் பெண் யார் யாரிடமோ இரவல் வாங்கி வாசித்துப் பழகிக்கொண்டிருக்கிறாள், மற்றப் பெண்கள் அந்த நாளுக்குக் கவுனும் கிரீடமும் கேட்பார்கள், இது கவுன் வேண்டாம், அப்பாவின் பெட்டியைத் திறக்க விடுங்கள் போதும் என்றது. அடடா... வினிகர் மூக்கில் ஏறியது, கண்ணில் வந்த தண்ணீர் அதனால்தான்.

துக்கம் வேறு கொண்டாடினார்களே, அதை எங்கே போய்ச் சொல்வது! செத்த அக்கார்டியனுக்கு ஒரு ராத்திரி விழிக்க வேண்டும் என்று உபால்தோவின் பாட்டுக்குழுப் பாடகன் ஒராங்கெல்தான் கிளப்பிவிட்டான், பாதிக் குசும்பு பாதி நிஜம், இந்த ஆற்றங்கரையில் அப்படித்தான், சேவல் செத்தாலே இரண்டு அடி பாட்டுக் கட்டுகிறவர்கள். சேறு காயாத கூடத்தில் நாற்காலி போட்டு, நடுவில் மெழுகுவர்த்தி, ரம், ஒராங்கெல் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சிவப்பழகியைப் பற்றி இட்டுக்கட்டிப் பாட, கல் மாதிரி இருக்கிற மீன்காரர்கள் மூக்கைச் சிந்தினார்கள், நடுவில் உபால்தோ, பெண்டாட்டி செத்தவன்போலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு... பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறதென்பார்கள், இவன் தொட்டிலை ஆட்ட ஊரையே கூட்டிவிட்டான். அவள் என்ன செய்தாள்? காப்பி போட்டாள். விடிய விடியக் காப்பி போட்டுக் கொடுத்தாள். விடிந்ததும் படகேறி அக்கரைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் இவள் வாயால் சொன்னாள். அவனே போகிறேன் என்றான், ஆனால் காலே எழவில்லை அவனுக்கு, சரி நான் போகிறேன் நீ படு என்றாள். யுலேனிஸ் அழவில்லை. "பரவால்ல அத்தை, மாமாவுக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்" என்று சொல்லி இவள் கையைத் தடவிக் கொடுத்தது. அந்தக் கை இப்போது இந்த வெல்வெட்டில் ஈரத்துணியை ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தது, அழுத்தித் தேய்த்தால் மயிர் சாய்ந்துவிடும், ஒற்றித்தான் எடுக்க வேண்டும்.

எப்போதிலிருந்து? வெள்ளத்துக்கு முந்தின வாரம் மேலாற்றுத் திருவிழாவுக்கு வாசிக்கப் போனான், தன் சண்டைச் சேவலையும் கூட எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்த அன்று இவள் படித்துறையில் மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள், படகிலிருந்து குதித்தான், பெட்டி ஒரு கையில், ஆட்டிக்கொண்டே மேடேறினான், பை ஆட்டுகிற மாதிரி... அதைப் பார்த்து இவள் என்ன நினைத்தாள் தெரியுமா? பரவாயில்லை, இவன் இடுப்புவலி போய்விட்டது என்று நினைத்தாள்! சிரிப்பு வந்தது, உதடு கோணிக்கொண்டு வந்தது. சேவலுக்கு ஒரு கண் போயிருந்தது. "ஜெயிச்சிட்டான்டி, கண்ணக் குடுத்து ஜெயிச்சான்" என்றான், ஜெயித்தவன் வாங்கி வருகிற பன்றிக் கால் எங்கே, ரம் எங்கே, அன்றைக்கு ஏன் சாப்பிடாமல் தொங்கு மஞ்சத்தில் போய்ச் சுருண்டான்? இந்த அக்கார்டியன் மேல் அங்கே ஒரு மாட்டுப்பண்ணைக்காரனுக்குக் கண் என்று அவனேதானே பெருமை பேசுவான். சேவல் மேல் பந்தயம் கட்டினானா? தம்பியின் துருத்தியையா, குருட்டுச் சேவலை நம்பியா? வெள்ளம் வந்த அன்று அந்தச் சேவலைத்தான் முதலில் தூக்கி உத்தரத்தில் வைத்தான், பிறகு டிவி, பிறகு மெத்தை. இந்த ஆற்றங்கரையில் தண்ணீர் வாசலைத் தொட்டால் அக்கார்டியன்காரன் முதலில் அக்கார்டியனை மேலே ஏற்றுவான், பிறகுதான் பிள்ளையைத் தேடுவான் என்று கேலி செய்வார்கள், இவன் அதைக் கட்டிலுக்கடியில் மறந்துவிட்டேன் என்றபோது ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. இவளும் கேட்கவில்லை. பயத்தில் தலை சுற்றியிருக்கும் பாவம் என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் அவன், பரிமாறினவள் இவள்.

கேட்டுவிட வேண்டும், இன்றைக்கே. குழுக்காரர்கள் ஊரெல்லாம் கையேந்தி அவனுக்கு வேறொரு அக்கார்டியன் தேடிப் பிடித்துவிட்டார்கள், மத்தியானம் கொண்டுவருகிறார்கள், இந்தப் பெட்டியில் பொருந்துகிறதா என்று பார்க்க. முதலில் இந்தப் பெட்டியைக் கொளுத்திவிடலாம் என்றவன்தான், தம்பி பெயரெழுதின பெட்டியைக் கொளுத்துவதாவது என்று இவள்தான் பிடுங்கி ஒளித்துவைத்தாள், காலையில் அவனே வந்து, "அதைச் சுத்தம் பண்ணி வையேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். எவ்வளவு தைரியம்! தைரியம்கூட இல்லை, அலட்சியம், இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது இவள் செய்கிற வேலையை நின்று பார்த்திருப்பானா? தொங்கு மஞ்சத்தில் கிடந்து தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொள்வான், பெட்டி பேசும் என்பதே அவனுக்குத் தெரியாது, தெரிந்தால் இவள் கையில் கொடுப்பானா? துரோகத்தைவிட அதுதான் சுட்டது. வரட்டும். ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. ஒராங்கெல் எதிரில், எல்லாரும் பார்க்க மூடியைத் திறப்பாள், இந்த வண்டலைப் பாருங்கள் என்று விரலை நீட்டுவாள், அவர்களும் வெள்ளத்தில் பெட்டி இழந்தவர்கள்தான், அவர்களுக்குப் புரியும்... துணியைப் பிழிந்தாள், தண்ணீர் பழுப்பாய் இறங்கியது, மறுபடி நனைத்தாள், தையலோரமாகப் பல்துலக்கும் பிரஷை ஓட்டினாள், அப்போது அவன் முகம் எப்படி இருக்கும், மறுபடி அழுவானா, அழுதால் இந்தத் தடவை தோளைக் கொடுக்கக் கூடாது, அக்கரைக்கு அவனையே படகேற்றி அனுப்ப வேண்டும், அந்தப் பெண் முன்னால் நின்று அவன் வாயால் சொல்லட்டும், பண்ணைக்காரன் வீட்டுக்கு நடந்தே போய்க் காலில் விழுந்தாவது வாங்கி வரட்டும், ஒரு மாதம் இருக்கிறதே... பிழிந்தாள், நனைத்தாள், கடைசித் தண்ணீர் தெளிவாக இறங்கியது.

"மதினி, காப்பி இருக்கா? இல்ல இன்னைக்கும் எழவு வீட்டுக் காப்பிதானா?" வேலிக்கு வெளியே ஒராங்கெல்லின் குரல், பின்னால் சிரிப்பு, போர்வையில் சுற்றின எதையோ பிள்ளையைத் தூக்குவதுபோல ஒருத்தன் தூக்கிக்கொண்டு வந்தான், எல்லாருக்கும் பின்னால் உபால்தோ. எதில்மா எழுந்தாள், முழங்கால் மரத்திருந்தது. இப்போது திற, காட்டு, என்று தனக்கே சொல்லிக்கொண்டு மூடியைத் தூக்கினாள்.

நீலம். ஓரத்திலிருந்து ஓரம் வரை ஈரமான நீல வெல்வெட், தம்பி வாங்கிவந்த அன்று இருந்த அதே நீலம். வாளியில் போட்ட வண்டல் கழுவின தண்ணீரோடு மாமரத்தடியில், எப்போது கொண்டுபோய் ஊற்றினாள்? இந்தக் கையா ஊற்றியது? நீட்ட நினைத்த விரல் நனைந்த துணியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. "யம்மாடி, தண்ணியே பாக்காத பெட்டி மாதிரில்ல ஆக்கிட்டாங்க!" என்றான் ஒராங்கெல். உபால்தோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை, லாசிதெஸின் பெயரைப் பார்க்கவில்லை, நேராக வந்து குந்தினான், பெட்டிக்குள் கைவிட்டு, இடது மூலையில் தையல் மடிப்புக்கு அடியில் விரலை நுழைத்தான். எல்லாம் கழுவின பிறகும் வண்டல் ஒளிந்திருக்கிற இடம் அது ஒன்றுதான், ஒவ்வொரு பெட்டியிலும் கடைசியாக இவள் விரல் விட்டுப் பார்க்கிற இடம், அவளைத் தவிர யாருக்கும் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தாள்... தொப்பிக்கு அடியிலிருந்து இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறான். விரலை எடுத்து வெயிலில் காட்டினான், சுத்தம். மூச்சு மெல்ல இறங்கியது அவனுக்கு.

"உன் கை எனக்குத் தெரியாதா" என்றான், மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அப்படியானால் அவளுக்குத் தெரியாது என்று நம்பி அவன் இதைக் கொடுக்கவில்லை, திறந்த உடனே தெரியும், தெரிந்தும் துடைத்துவிடுவாள் என்று நம்பியிருக்கிறான்... என்ன நெஞ்சழுத்தம், எதைப் பார்த்து அப்படி நம்பினான் என்று கேட்க வாயெடுத்தாள், ஒராங்கெல் போர்வையைப் பிரித்துக்கொண்டிருந்தான், துணியிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டியது, அவன் நம்பினதில்தான் என்ன தப்பு, துடைத்துத்தானே வைத்திருக்கிறாள்.