பதினோராவது டேக்

பத்தாவது முறையும் சாம்சனின் பாதுகாப்புக் கண்ணாடியில் விளக்கு வெள்ளைச் சதுரமாகத் தெரிந்தது. லைட்மேன் ஜெரால்ட் ஸ்டாண்டின் திருகை மறுபடியும் தளர்த்தினார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருந்த அந்த உருக்காலை, தன் தொழிலாளர்களுக்குக் காட்ட ஒரு பாதுகாப்புப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. பதினொரு வருடம் விபத்தே இல்லாமல் கிரேன் ஓட்டியவர் என்று சாம்சனைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். இரவு ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கே ஆரம்பாக்கம் ரயில் ஏறியிருக்க வேண்டியவர். இப்போது ஒன்பதரை. அவர் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: “என் பாதுகாப்பு என் கையில்.”

கண்ணாடியைக் கழற்றிவிடலாமே என்றார் இயக்குநர் விமல். பாதுகாப்புப் படத்தில் அது இல்லாமலா என்று மறுத்துவிட்டார் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி துளசிராமன். ஆக, விளக்கை நகர்த்துவதுதான் வழி. அது ஜெரால்டின் பாடு. விளக்கைத் தலைக்கு மேலே ஏற்றினால் கண்ணாடியில் விழாது. ஆனால் கண்ணுக்குக் கீழே நிழல் குழியாக விழும். அந்தக் குழியை நிரப்ப, மடிக்கு அருகே தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தைத் திருப்ப வேண்டும். இருபத்தாறு வருடமாக இதே ஏற்றமும் இறக்கமும். இப்போதெல்லாம் காலையிலேயே தோள் வலிக்கத் தொடங்கிவிடுகிறது.

அட்டையைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தபோது, சாம்சன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணாடியில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை.

“ரெடியாண்ணே?” என்றார் விமல்.

“இல்ல சார். இன்னும் பத்து நிமிசம் ஆவும்.”

விளக்கைக் குறைத்துவிட்டு, நன்றாக இருந்த திருகுகளைக் கழற்றிக் கழற்றி முடுக்கினார் ஜெரால்ட். பத்து நிமிடம் இருபதானது. பிறகு சாம்சனின் தோளைத் தொட்டு எழுப்பினார். பதினோராவது டேக் ஓகே ஆனது.

அதோடு விட்டிருக்கலாம். சாம்சன் கிரேன் ஓட்டுகிற ஷாட் ஒன்றும் வேண்டும், கொக்கியில் நிஜ பாரமே தொங்கட்டும் என்றார் விமல். துளசிராமனும் தலையாட்டினார். எழுந்து வந்த சாம்சன் கேபிளில் கால் இடறி, விளக்கு ஸ்டாண்டைப் பிடித்து நின்றார். அப்படியே, கீழே நின்று கிரேனை இயக்கும் ரிமோட்டுக்குக் கையை நீட்டினார்.

ஜெரால்ட் எல்லா விளக்குகளையும் அணைத்தார்.

“இன்னாண்ணே ஆச்சு?” என்றார் விமல்.

“ராத்திரி பூரா வேல பாத்துகினு வந்திருக்காரு சார். ஒக்காந்துகினே தூங்கிட்டாரு. அப்போ லைட்டு ரெடியாத்தான் இருந்திச்சி, நான்தான் இல்லன்னேன். இவரு கையில பாரத்த குடுத்தா நான் லைட்டு போட மாட்டேன்.”

விமல் கோபத்தில் என்னென்னவோ பேசினார். ஜெரால்ட் சாமான் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். துளசிராமன் சாம்சனைக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, சிவந்து கிடந்த கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்து, அவரை வீட்டில் விட ஒரு வண்டிக்குச் சொன்னார். கிரேன் ஷாட் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. அன்றைக்கு வேறு லைட்மேன் வருவார் என்று விமல் முகம் பார்க்காமலே சொன்னார். ஜெரால்ட் சரி என்றார்.

போகுமுன் சாம்சன் அவரிடம் வந்தார்.

“நீங்களும் நாஷ்டா துண்ணலயே” என்று பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து நீட்டினார். இரவுக்கு மனைவி மெர்சி கட்டிக் கொடுத்ததில் இரண்டு சப்பாத்தி மிச்சமிருந்தன.

காய்ந்துபோயிருந்த சப்பாத்தியைப் பெட்டிமேல் உட்கார்ந்தே தின்று முடித்தார் ஜெரால்ட். சுற்ற வேண்டிய கேபிள் நிறையக் கிடந்தது. எழுந்து, முதல் கேபிளின் நுனியைத் தேடி எடுத்தார்.