வாசுகியின் அழுகை

அக்கா ஆண்டாயி போய்விட்டாள் என்று சேதி வந்தபோது வாசுகி கோயம்புத்தூரில் சீரியல் படப்பிடிப்பில் இருந்தாள். போட்ட மேக்கப்பைத் துடைக்கக்கூட நிற்காமல் கார் ஏறி, நீலகிரியில் கட்டபெட்டுக்கு மேலே இருக்கிற தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

தாயில்லாத அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் ஆண்டாயி. நாடகக் கம்பெனிக்கு பஸ் ஏற்றிவிட்டவளும் அவள்தான். அங்கிருந்து சினிமா, பிறகு டிவி. நாற்பது வருஷமாக வாசுகியைப் பார்த்துச் சிரிக்காத வீடு உண்டா, கண்ணுகளா? அதிலும் அந்த அழுகை! மாரில் அடித்துக்கொண்டு குரலை உச்சிக்கு ஏற்றி, பொசுக்கென்று கீழே போடுவாள். படத்தில் சிரிப்புக்கு ஒரு சாவு வீடு என்றாலே அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

பிணத்தைச் சுற்றித் தோளோடு தோள் பிணைந்து பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அங்கம்மா கையை விரித்தாள்.

"வா தாயி. ஒங்கக்காளப் பாரு, எப்பிடிக் கெடக்கான்னு."

வட்டத்துக்குள் விழுந்தாள் வாசுகி. அடிவயிற்றிலிருந்து அழுகை கிளம்பியது.

"என்னெத் தூக்கி வளத்தவளே... ஒத்தையில விட்டுட்டுப் போயிட்டியே!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருத்தி வாயைப் பொத்தினாள். காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த அங்கம்மாவின் தோளே வாசுகியின் கைக்குள் குலுங்கியது. வாசலில் நின்ற ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"கோவிச்சுக்காத தாயி," அங்கம்மா கண்ணைத் துடைத்தாள். "அடக்கத்தான் பாக்குறேன். டிவில அழுவுற மாதிரியே அழுவுறியே!"

அவர்கள் சிரித்ததை வாசுகி பொறுத்திருப்பாள். ஆனால் அவளே ஒன்று செய்திருந்தாள். ஒப்பாரியின் முதல் அடி முடிந்ததும் நிறுத்தியிருந்தாள். மேடையில் பழகியபடி, சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாள். அக்காளின் முகத்துக்கு முன்னால்!

குரலைத் தாழ்த்தி மறுபடி எடுத்தாள். அதுவும் ஏதோ ஒரு படத்தில் அழுத அழுகைதான். வேறொன்றைத் தேடினாள். தேடத்தேட வந்ததெல்லாம் நடித்து முடித்ததாகவே இருந்தது. சொந்தமாக ஒரு அழுகை மிச்சமில்லை.

ஆண்டாயியின் மகள் கோகிலவாணி எழுந்து வந்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. சித்தியின் கையை மெதுவாகப் பிடித்துத் தூக்கினாள்.

"சித்தி, நீங்க அழுவ வேணாம். செத்த நேரம் அப்பிடி உக்காருங்க. அம்மாவுக்கு நாங்க அழுதுக்கறோம்."

வாசுகி எழுந்த இடத்தில் இரண்டு பக்கத்துத் தோள்களும் நெருங்கி மூடிக்கொண்டன. ஒப்பாரி மறுபடி ஏறியது. வாசுகி சுவரோரமாக, முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, சத்தம் எழும்பிவிடாமல் உட்கார்ந்திருந்தாள்.