வேனில் விட்டுவந்த பாலன்

டிசம்பர் பிறந்துவிட்டால் கிள்ளானில் எங்கள் பங்குக் கோயிலின் கேரல் பாட்டுக் குழு வீடு வீடாக வரும். திருச்செல்வம் அண்ணன்தான் தலைவர். அவர் குரலெடுத்தால் எங்கள் லோரோங் சந்து நாய்களெல்லாம் பின்பாட்டுப் பாடும். ஆனால் கேரலில் பாட்டு பாதிதான். தட்டில் பட்டுத்துணி விரித்து, பாலன் என்று நாங்கள் சொல்லும் குழந்தை இயேசுவின் சொரூபத்தைக் கிடத்திக் கொண்டுவருவார்கள். வீட்டுக்காரி அதைக் கையில் வாங்கி முத்தமிட்டு, வீட்டிலுள்ளவர்களுக்கும் கொடுத்து, செபம் முடியும்வரை வைத்திருக்க வேண்டும். அதுதான் முறை.

இந்த வருஷம் அதற்காகத்தான் நான் காத்திருந்தேன்.

ஆகஸ்டில் எனக்குப் பெண் குழந்தை செத்துப் பிறந்தது. ஆபரேஷன், ரத்தப்போக்கு, ஐ.சி.யூ. நான் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் பார்த்தால் தாங்கமாட்டேன் என்று என் மாமியாரும் அக்காவும் என் கணவர் லோகனும் கூடிப் பேசி அடக்கம் செய்துவிட்டார்கள். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? சுமந்தவளை ஒரு வார்த்தை கேட்போம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தால் தொட்டிலும் இல்லை, வாங்கி வைத்த சட்டைகளும் இல்லை. போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் லோகன், அன்றிலிருந்து இரட்டை ஷிப்டைக் கேட்டு வாங்கி ஓட்டினார். பிள்ளை எப்படி இருந்தாள் என்று கேட்டால், "விடு லா, ஷாமினி" என்று எழுந்து போய்விடுவார். அந்த மனிதரை நான் வெறுக்கத் தொடங்கியிருந்தேன்.

எங்கள் வீட்டு முறை வந்தது. முறுக்கு சுட்டேன், கேக் வெட்டி வைத்தேன், நல்ல சேலை கட்டினேன். குழு வந்து பாடியது. நாய்களும் பாடின. நான் கையைக் கழுவித் துடைத்து முன்னால் நின்றேன். பாட்டு முடிந்ததும் திருச்செல்வம் அண்ணன் நேராகச் செபத்துக்குப் போய்விட்டார்.

"பாலன் எங்கே அண்ணே?" என்றேன்.

எல்லாரும், கதவோரம் நின்ற லோகனும், தரையைப் பார்த்தார்கள். "வேன்ல இருக்காரும்மா," என்றார் அவர். "உனக்குக் கஷ்டமா இருக்கும்னு லோகன் போன் பண்ணிச் சொன்னாரு. எங்களுக்கும் அதான் சரின்னு பட்டுச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் கை மேல உங்களுக்கெல்லாம் என்ன கோவம்? அங்கயும் குடுக்கல. இங்கயும் குடுக்க மாட்டீங்களா?"

திருச்செல்வம் அண்ணன் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் வேனுக்கு ஓடினார்.

ஒரு சாண் சொரூபம். மூக்கில் பூச்சு உதிர்ந்திருந்தது. நான் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால் வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதேன். ஆகஸ்டிலேயே அழுதிருக்க வேண்டிய அழுகை. பிறகு முத்தமிட்டு, முறைப்படி லோகனிடம் நீட்டினேன்.

அவர் வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். வாங்கினார். சொரூபத்தை எல்லாரும் இரண்டு கையிலும் ஏந்தித்தான் பிடிப்பார்கள். அவர் இடது கையை மடக்கி, அதன் தலையை முழங்கைக்குள் சாய்த்துக்கொண்டார். பட்டுத்துணியை இழுத்துக் காலை மூடினார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்படித்தான் வச்சிருந்தேன்," என்றார். "பெட்டியில வைக்கிற வரைக்கும் யார்கிட்டயும் குடுக்கல. அம்மா கேட்டாங்க, அவங்ககிட்டகூடக் குடுக்கல."

அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"முடி நிறைய இருந்துச்சு ஷாமினி. கருகருன்னு. நெத்தி அப்படியே உன் நெத்தி."

"காது?" என்றேன். "சொல்லுங்க, காது எப்படி இருந்துச்சு?"